முதல்முறை பாறை ஏறப் போகிறீர்களா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கத்துத் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். முதல் பயணத்துக்கு முன்னால் ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

அக்கா, தடா, நாகலாபுரம் எல்லாம் போயிருக்கோம். அதுதானே ராக் கிளைம்பிங்?

இல்லை, அது மலைநடை. ஓடைக் கற்கள் மீது அங்கங்கே கையை ஊன்றி ஏறியிருப்பீர்கள். ஆனால் தவறினால் தாங்கிப் பிடிக்க அங்கே ஒன்றும் கிடையாது. ராக் கிளைம்பிங்கில் கால் தவறும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பாறையில் கையை வைக்கிறோம்.

அதில் சில வகை உண்டு. கயிறில்லாமல், கீழே தடித்த மெத்தை போட்டுச் சின்னப் பாறைகளில் ஏறுவது போல்டரிங். கயிறு பாறை உச்சியில் மாட்டிய கொக்கிகள் வழியாகப் போய்த் திரும்பி வந்தால் டாப் ரோப். ஏறுகிறவரே கயிற்றை எடுத்துப்போய் வழியில் மாட்டிக்கொண்டே போனால் லீட். முதல்முறை போகிறவருக்கு டாப் ரோப்தான். கீழே நான் சொல்வது பெரும்பாலும் அதைப் பற்றியே.

கால் வழுக்கினா கீழ விழுந்துடுவோமா?

டாப் ரோப்பில் கயிற்றின் ஒரு முனை உங்கள் ஹார்னஸில், அதாவது இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையில், கட்டியிருக்கும். அங்கிருந்து அது மேலே போய், பாறை உச்சியில் மாட்டிய கொக்கிகள் வழியாகக் கீழே இறங்கி, தரையில் நிற்கும் உங்கள் ஜோடியிடம் வரும். அவர் பெயர் பிலேயர். நீங்கள் ஒரு அடி ஏறினால் அவர் ஒரு அடி கயிற்றை இழுத்துக்கொள்வார். வழுக்கினால், அவர் ஹார்னஸில் இருக்கும் பிலே கருவி கயிற்றை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சற்றே இறங்கி, ஹார்னஸில் உட்கார்ந்த நிலையில் தொங்குவீர்கள். கயிற்றைத் தொய்வில்லாமல் வைத்திருந்தால் அவ்வளவுதான் நடக்கும்.

ஆக, கொக்கிகள், முடிச்சு, பிலேயரின் கை மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பிலேயரின் ஒரு கை கருவிக்குக் கீழே உள்ள கயிற்றை எந்த நேரத்திலும் விடக் கூடாது. நெற்றி வியர்வையைத் துடைப்பது, போன் எடுப்பது எல்லாம் அடுத்த கைக்கு. ஏறுகிறவரைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். என் கண்ணுக்கு அன்றைக்குப் பெரிய வேலை பார்ப்பவர் கீழே நிற்கும் ஆள்தான். அதனால் முதல் நாளே ஏறுவதோடு சேர்த்து பிலே பிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு அனுபவசாலி கயிற்றைப் பிடித்திருக்க.

தரையை விட்டுக் கிளம்பும் முன் இருவரும் ஒருவரையொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹார்னஸ் பெல்ட் இடுப்பெலும்புக்கு மேலே இறுகியிருக்கிறதா? கயிறு ஹார்னஸின் இடுப்பு வளையம், கால் வளையம் இரண்டின் வழியாகவும் போயிருக்கிறதா? 8 வடிவில் போடும் முடிச்சில் கயிறுகள் எங்கும் ஒன்றையொன்று குறுக்கே தாண்டாமல் ஜோடி ஜோடியாகப் படுத்திருக்கின்றனவா, முடிச்சுக்கு வெளியே மிஞ்சும் வால் ஒரு சாண் அளவாவது நீண்டிருக்கிறதா? பிலே கருவியைப் பிலேயரின் ஹார்னஸோடு இணைக்கும் உலோக வளையமான கேரபைனர் திருகி மூடியிருக்கிறதா? திருகை விரலால் திருப்பிப் பாருங்கள், கேரபைனரை அமுக்கிப் பாருங்கள். நீண்ட நாள் ஏறியவர்களும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறார்கள்.

நம்ம ஏரியாவுலயே எங்கயாவது ஏறலாமா?

இயற்கைப் பாறை கிடையாது. நாம் இருப்பது கடலும் ஆறும் கொண்டுவந்து போட்ட மணல், களிமண் மேல். சென்னையில் பாறை தலைகாட்டுவது தெற்கே, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம். அந்தக் கல்லுக்குப் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பெயரை வைத்தார். கல் போனது நம் ஊரிலிருந்து. உலகம் முழுக்க நிலவியல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பாறை நம்மிடம் இருக்கிறது, ஆனால் பரங்கிமலை ராணுவக் குடியிருப்பும் தேவாலயமும் உள்ள இடம். ஏறுவதற்கான இடமில்லை.

காசிமேட்டுலருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரமா பெரிய பெரிய கல்லு கொட்டி வெச்சிருக்காங்களே, அதுல பழகலாமா?

வேண்டாம். அவை அலையைத் தடுக்க லாரியில் கொண்டுவந்து கொட்டிய கற்கள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன, எதனோடும் ஒட்டியில்லை. அடியில் மணல் அரிக்க அரிக்க கல் நகரும். இடுக்கில் கால் மாட்டிய நேரத்தில் மேல் கல் அசைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஈரப் பாசி, உடைந்த பாட்டில், தூண்டில் முள் எல்லாம் அதற்கு மேல்.

மாமல்லபுரம் பக்கத்துல தானே இருக்கு? செஞ்சிக் கோட்டை?

பார்த்தால் கை ஊறும், தெரியும். ஆனால் இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச் சின்னங்கள். மாமல்லபுரம் 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. சிற்பம் இல்லாத வெறும் பாறையாகத் தெரிந்தாலும் வளாகத்துக்குள் கயிறு கட்டுவது, கொக்கி அடிப்பது, கை வழுக்காமலிருக்கத் தடவும் சாக் பொடியைப் பூசுவது கூடாது. வெண்ணெய் உருண்டைக் கல்லும் அதில் சேர்த்தி.

அப்போ எங்கதான் போறது?

பக்கத்தில் ஏலகிரி. சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து மலைக்கு பஸ். சாகச முகாம் நடத்துகிறவர்கள் ஆட்களை அங்கே அழைத்துப்போவது உண்டு. முழுநாள் ஏற வேண்டும், விதவிதமான பாறை வேண்டும் என்றால் பெங்களூரு பக்கம்தான். மைசூரு சாலையில் சுமார் 50 கி.மீ. தள்ளி ராமநகரம், அதற்கு வடக்கே மாகடி பக்கம் சாவன்துர்கா. இரண்டும் கிரானைட். சாவன்துர்காவின் சாய்ந்த பாறை கையைவிடக் காலைத்தான் கேட்கும். கர்நாடக அரசின் ஜெனரல் திம்மையா தேசிய சாகசப் பயிலகமும் பாறை ஏறும் பயிற்சி நடத்துகிறது. பாதாமி மணற்கல் இன்னும் தூரம், அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே போகும் பல ரயில்கள் பெரம்பூரில் நிற்கும், பார்த்து டிக்கெட் எடுத்தால் சென்ட்ரல் வரை போகும் அலைச்சல் மிச்சம்.

அனுமதி விஷயத்தில் கவனமாக இருங்கள். ராமநகரத்தின் ராமதேவர பெட்டா பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம், வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு. நம் மாநிலத்திலும் 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. காப்புக்காட்டுக்குள் இருக்கும் பாறை என்றால் அழைத்துப்போகிறவரிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்குக் கையில பலமே இல்லக்கா. ஒரு புல்-அப் கூட வராது.

முதல் நாளுக்கு அது தேவையே இல்லை. ஏற்றிவிடுவது கால். கை உங்களைப் பாறையோடு ஒட்டி வைத்திருக்க மட்டும். ஜிம் போகும் பையன்கள் கையால் இழுத்து இழுத்துப் பாதி உயரத்தில் முன்கை கல்லாகி நின்றுவிடுவதையும், வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பெண்கள் அமைதியாக அடி வைத்து மேலே போவதையும் பார்த்திருக்கிறேன்.

காலை எப்படி வைப்பது என்று சொல்கிறேன். பாதத்தின் நடுப்பகுதியை வைக்காதீர்கள், கட்டைவிரல் பக்கத்து முனையை வையுங்கள். அப்போதுதான் பாதத்தைத் திருப்ப முடியும். வைக்கும் இடத்தை, கால் அதில் உட்காரும் வரை கண்ணால் பாருங்கள். பிடிப்பே இல்லாத சாய்ந்த பாறையில் குதிகாலை இறக்கி, ரப்பர் நிறையக் கல்லில் படும்படி அழுத்த வேண்டும். பயத்தில் பாறையைக் கட்டிக்கொண்டால் எடை காலை விட்டுப் போய் வழுக்கும். இடுப்பை வெளியே தள்ளி நின்றால் பிடிக்கும். கைகளை நீட்டி வைத்துக்கொள்ளுங்கள், மடக்கியே வைத்திருந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

வீட்டில் பயிற்சி வேண்டும் என்றால் படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள், ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுங்கள். கதவு நிலையில் விரலால் தொங்குவது மட்டும் வேண்டாம். தசை பழகும் வேகத்தில் விரல் தசைநார் பழகாது, பிய்ந்தால் மாதக்கணக்கில் வலிக்கும்.

நான் 95 கிலோ. கயிறு தாங்குமா?

தாராளமாக. கேரபைனரின் முதுகைப் பாருங்கள், நீளவாக்கில் 22 போல ஓர் எண் பொறித்திருக்கும். அது கிலோ நியூட்டன் கணக்கு, ஏறக்குறைய 2,200 கிலோ எடை. டாப் ரோப்பில் நீங்கள் தொங்கும்போது மேல் கொக்கிகளுக்கு வருவது உங்கள் எடையைப் போல இரு மடங்கு அளவுதான். கயிறு தொய்ந்திருந்தால் கொஞ்சம் கூடும். அதே கேரபைனரில் குறுக்குவாட்டுக்கும், வாய் திறந்த நிலைக்கும் பொறித்த எண்கள் மிகக் குறைவாக, 7, 8 என்று இருக்கும். திருகி மூடச் சொல்வது இதனால்தான்.

யோசிக்க வேண்டியது ஜோடியின் எடையை. 95 கிலோ ஆள் வழுக்கினால் 50 கிலோ பிலேயர் தரையை விட்டு எழும்பிப் பாறையில் மோதலாம். அப்போது பிலேயரைப் பின்னால் ஒரு மரத்திலோ கல்லிலோ கட்டி நிறுத்துவார்கள். நீங்களாகவே இதைக் கேளுங்கள்.

காசிமேட்டுல போட்டுக்குக் கட்டுற கயிறு அவ்ளோ ஸ்ட்ராங். அத வெச்சி ஏறக் கூடாதா? பாரிஸ் கார்னர்ல பாதி விலைக்குக் கிடைக்குதே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நின்று பதில் சொல்வேன், ஏனென்றால் கேட்கிறவர்களுக்குக் கயிற்றைப் பற்றி நன்றாகத் தெரியும். படகுக் கயிறு பலமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் விழும் ஆளைப் பிடிக்கும் கயிறு நீள வேண்டும். நீளாத கயிறு விழுந்த வேகத்தை ஒரு நொடிக்குள் முழுசாக இடுப்பிலும் முதுகிலும் இறக்கிவிடும். கயிறு அறாது, உடம்பு உடையும்.

ஏறும் கயிறு நைலானில் செய்தது. உள்ளே முறுக்கிய இழைக்கட்டுகள், வெளியே நெய்த உறை. உள்ளே இருப்பவை நீண்டு வேகத்தை விழுங்கும், உறை கல்லின் உராய்விலிருந்து காக்கும். சர்வதேச மலையேற்றச் சம்மேளனத்தின் (யு.ஐ.ஏ.ஏ.) தரப்படி, சோதனை வீழ்ச்சியில் கயிறு 40 விழுக்காட்டுக்கு மேல் நீளக் கூடாது, 12 கிலோ நியூட்டனுக்கு மேல் உதறல் தரக் கூடாது, குறைந்தது 5 கடும் வீழ்ச்சிகளைத் தாங்க வேண்டும். கயிற்று முனையில் சுற்றிய சீட்டில் யு.ஐ.ஏ.ஏ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். படகில் பரவலாக இருப்பது பாலிப்ரொப்பிலீன் கயிறு. தண்ணீரில் மிதக்கும், கடலுக்கு அது நல்லது. ஆனால் உராய்வுச் சூட்டில் நைலானைவிட எளிதாக உருகும், வெயிலில் கிடந்து உதிரும். கல்லிலும் கருவியிலும் கயிறு உரசும் வேலைக்கு அது ஆகாது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். நைலானுக்கு அமிலம் ஆகாது. கழிவறை ஆசிட் பாட்டிலோ பழைய பைக் பேட்டரியோ இருக்கும் அலமாரியில் ஏறும் கயிற்றை வைக்காதீர்கள். ஆவி பட்டாலே கெடும், பார்த்தால் தெரியாது.

நான் ஹார்பர்ல வேலை பாக்குறேன். கம்பெனி குடுத்த சேஃப்டி பெல்ட், ஹெல்மெட் இருக்கு. அது போதுமா?

உயரத்தில் வேலை பார்த்த பழக்கம் பெரிய பலம். பொருளைச் சோதித்துப் போடும் புத்தி ஏற்கனவே கைவந்திருக்கும். ஆனால் அந்தப் பெல்ட்டில் கொக்கி முதுகில் இருக்கும். அதில் தொங்கினால் முகம் பாறையைப் பார்த்துக் குப்புறச் சாயும், காலால் உந்தித் தள்ளிக்கொள்ள முடியாது. பாறைக்குக் கயிறு முன்பக்கம், இடுப்பில் வர வேண்டும்.

ஹெல்மெட்டிலும் வித்தியாசம் உண்டு. தொழிற்சாலை ஹெல்மெட்டின் தாடைப் பட்டை எங்காவது மாட்டினால் கழுத்தை நெரிக்காமல் கழன்றுகொள்ளும்படி செய்தது. ஏறும் ஹெல்மெட்டின் பட்டை, விழுந்து புரண்டாலும் கழலாதபடி செய்தது. முதல் பயணத்துக்கு எதையும் வாங்க வேண்டாம், நடத்துகிறவர்களே தருவார்கள். ஏறுவது பிடித்துப்போனால் முதலில் ஷூ வாங்குங்கள். விரல் நிமிர்ந்து, இறுக்கமாக, ஆனால் வலிக்காமல் இருக்கும் சாதாரண வகை போதும்.

என்ன டிரஸ் போடுறது? மோதிரம், செயின் பரவாயில்லையா?

முட்டி தாராளமாக மடங்கும் பேன்ட், டி-ஷர்ட். சல்வார் என்றால் துப்பட்டா வேண்டாம். முடியை இறுக்கிக் கட்டிப் பின்னால் சட்டைக்குள் விடுங்கள், பிலே கருவியில் முடி சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. மோதிரம் கண்டிப்பாகக் கூடாது. வழுக்கும்போது பாறை விளிம்பில் மோதிரம் மாட்டி, உடம்பு எடை முழுவதும் அந்த விரலில் வந்தால் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனசில்லாதவர்கள் அதை உள்ளே விட்டு, மேலே இறுக்கமான உடை போட்டுப் பின் குத்திக்கொள்கிறார்கள்.

எந்த மாசம் போகலாம்?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே வெயிலில் கல் கையைச் சுடும், வியர்வையில் பிடி நிற்காது. மழை பெய்து ஈரமாக இருந்தால் கிரானைட் வழுக்கும், மணற்கல் பலமிழந்து பிடியே உடைந்து வரும். இடி கேட்டால் ஏறிய வரை போதும் என்று இறங்கிவிடுங்கள்.

மேல போனதும் கால் தையல் மெஷின் மாதிரி ஆடுது, கைய எடுக்கவே முடியல. என்ன பண்றது?

எல்லோருக்கும் வரும். முன்பாதத்தில் ரொம்ப நேரம் எடையை வைத்து, பதற்றமும் சேரும்போது கெண்டைக்கால் தானாக ஆடும். குதிகாலைக் கொஞ்சம் இறக்குங்கள், அடங்கும். வாயைத் திறந்து மூச்சை வெளியே விடுங்கள், பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் செய்துவிட்டால் பாதிப் பயம் போகும். தலை உயரம் ஏறியதும் "டேக்" என்று சொல்லுங்கள். பிலேயர் கயிற்றை இழுத்துப் பிடித்ததும் இரண்டு கையையும் விட்டுவிட்டு உட்காருங்கள். கயிறு கிரீச்சென்று சத்தம் போட்டு இறுகும், ஹார்னஸ் தொடையை அமுக்கும், நீங்கள் அங்கேயே தொங்குவீர்கள். கயிறு பிடிக்கும் என்பது உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்குப் பாறையில் பிடிகள் தெரியத் தொடங்கும். அன்று இறங்கிவிட வேண்டும் என்று தோன்றினால் இறங்குங்கள், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

வீட்ல ஒத்துக்க மாட்றாங்க. ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வரட்டுமா?

வேண்டாம். அம்மா அப்பாவுக்கு யார் அழைத்துப்போகிறார்கள், எந்த இடம், எந்த ரயில், போன் நம்பர் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது ஆனால் முதலில் அவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். நடத்துகிறவரையே வீட்டாரிடம் பேசச் சொல்லுங்கள். பேச மறுக்கும் ஆளோடு போகாதீர்கள்.

கூட்டிட்டுப் போறவங்க நல்லவங்களான்னு எப்படித் தெரியும்?

கேளுங்கள். மேலே எத்தனை இடத்தில் கட்டுவீர்கள்? ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும்படி, ஒன்றையொன்று சாராத இரண்டு இடமாவது என்று பதில் வர வேண்டும். கயிறு எப்போது வாங்கியது? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? அடிபட்டால் பக்கத்து மருத்துவமனை எது, வண்டி நிற்குமா? பயிற்சி எங்கே எடுத்தீர்கள்? உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிலகம், டார்ஜிலிங் இமாலய மலையேற்றப் பயிலகம் போன்ற இடங்களில் படித்தவர்கள் சான்றிதழைக் காட்டத் தயங்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டதும் எரிச்சலாகிறவர், ஹெல்மெட் போடாமல் பாறைக்குக் கீழே உலாத்துகிறவர், இரண்டாவது கேள்வியில் சொன்ன பரஸ்பரச் சோதனையைச் செய்யாமல் "ஏறு ஏறு" என்கிறவர், இவர்களிடமிருந்து பணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பி வந்துவிடுங்கள்.

சுகர் இருக்கு, தோள்பட்டை முன்னாடி ஒரு தடவ எறங்கிடுச்சி. வரலாமா?

டாக்டரிடம் கேட்டுவிட்டு வரலாம். சர்க்கரை உள்ளவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல், குளுக்கோஸைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், பிலேயருக்கும் சொல்லிவிடுங்கள். தோள் ஒருமுறை நழுவியவர்கள் கையைத் தலைக்கு மேல் பின்னால் நீட்டி இழுப்பதைத் தவிர்க்க வேண்டும், சாய்ந்த பாறையிலேயே இருப்பது நல்லது.

பாறையில தேன் கூடு இருந்தா?

நம் பக்கத்து மலைகளில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். மலைத்தேனீ செங்குத்துப் பாறையில், கூரை போல் நீட்டிய இடத்துக்கு அடியில் பெரிய அடை கட்டும். அடை கண்ணில் பட்டால் அந்தப் பாறையை விட்டுவிட்டு வேறிடம் போங்கள். சென்ட் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், கீழே புகை போடாதீர்கள்.

கலைந்து வந்துவிட்டால் சிக்கல் பிலேயருக்குத்தான். கொட்டினாலும் கயிற்றை விட முடியாது. ஏறியவரை நிற்காமல் இறக்கி, இருவரும் கயிற்றைக் கழற்றி, முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டும். அதனால் பிலேயர் முழுக்கைச் சட்டை போடுவது நல்லது. முகம் வீங்கினாலோ மூச்சு இளைத்தாலோ, கொட்டியது ஒன்றே என்றாலும் நேராக மருத்துவமனைக்கு.

யூடியூப்ல ஒருத்தர் கயிறே இல்லாம ஏறுறாரே, நாம மட்டும் ஏன் இவ்ளோ கட்டிக்கணும்?

அலெக்ஸ் ஹானல்ட் 2017 ஜூன் 3ல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையை, சுமார் 900 மீட்டரை, கயிறில்லாமல் ஏறினார். அதற்கு முன் அதே பாதையைக் கயிறு கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஏறி, ஒவ்வொரு பிடியையும் மனப்பாடம் செய்திருந்தார். வீடியோவில் வருவது அந்தக் கடைசிக் காலை மட்டும். உலகில் ஏறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்கக் கயிற்றோடுதான் ஏறுகிறார்கள்.

ஒரு தடவை போயிட்டு வந்தாச்சு, பிடிச்சிருக்கு. நாங்க நாலு பேரு காசு போட்டு கயிறு வாங்கி நாங்களே போகட்டுமா?

இப்போது வேண்டாம். ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள், கட்டக் கற்றுக்கொள்ளவில்லை. தனியாகப் போக ஐந்து விஷயம் கைவர வேண்டும். மேலே இரண்டு இடத்தில் கட்டி எடையைச் சமமாகப் பிரிப்பது. அப்படிக் கட்டும்போது விளிம்பில் நிற்கும் நீங்களே உங்களைக் கட்டிக்கொள்வது, ஏனென்றால் அங்கே பிலேயர் கிடையாது. கூர்மையான விளிம்பில் கயிறு உரசாமல் உறை போடுவது. நடுவில் மாட்டிக்கொண்ட ஆளை, மயங்கிவிட்டாலும், தாமதிக்காமல் இறக்குவது. நினைவிழந்தவரை ஹார்னஸில் தொங்கவிடுவதே உயிருக்கு ஆபத்து.

ஐந்தாவது கயிற்று நீளக் கணக்கு. டாப் ரோப்பில் கயிறு போய்த் திரும்ப வர வேண்டும், ஆகவே 60 மீட்டர் கயிற்றுக்குப் பாறை 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கணக்குத் தப்பினால், ஆளை இறக்கும்போது கயிற்றின் நுனி பிலே கருவியிலிருந்து நழுவி வெளியே போய்விடும். அனுபவசாலிகளுக்கே நடந்திருக்கும் விபத்து இது. கீழ் நுனியில் எப்போதும் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் அது கருவியில் முட்டி நின்றுவிடும்.

இந்த ஐந்தையும் தெரிந்த ஒருவர் முன்னால் நீங்களே செய்து காட்டுங்கள். அவர் எதிலும் கை வைக்காமல் "சரி, ஏறலாம்" என்று சொன்ன பிறகு நால்வரும் சேர்ந்து கயிறு வாங்குங்கள்.